பிள்ளைப் புரோசஸ் பாதியில் செத்தாலும் ரிட்டர்ன் கோட் 0 வருகிறது

#1 வாவிக்கரை

மட்டக்களப்பு டவுனில் ஒரு டியூஷன் நிலையத்துக்கு வீடியோ வேலை பார்க்கிறேன். ஏ.எல். வகுப்புகளை ரெக்கோர்ட் பண்ணி, எஃப்எஃப்எம்பெக் மூலம் மூன்று அளவில் சுருக்கி ஏற்றுவதுதான் வேலை. வாகரை, வெல்லாவெளிப் பக்கம் பார்க்கிறவர்களுக்கு 240பி அளவு இல்லாவிட்டால் வகுப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்வர் பழைய பெட்டி. உபுண்டு 18.04, பைதான் 3.6. ஒரே புரோகிராம், உள்ளே த்ரெட் பூல் (ஒரே புரோசஸுக்குள் சமாந்தரமாக ஓடும் வேலையாட்கள்). ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு ரெக்கோர்டிங்கை எடுத்து, சப்புரோசஸ் மொடியூலின் பீஓபன் வழியாக ஒரு ஷெல் ஸ்கிரிப்டைப் பிள்ளைப் புரோசஸாக ஓட விடும். ஸ்கிரிப்ட் எஃப்எஃப்எம்பெக்கை ஓட்டும், அதன் கோடையே திருப்பித் தரும். த்ரெட் அவுட்புட்டை முடிவுவரை வாசித்து, வந்த ஃபைலைச் சரிபார்த்து, கடைசியாக வெயிட் பண்ணி அந்த ரிட்டர்ன் கோடை எடுக்கும். இதைத் தவிர இன்னும் இரண்டு த்ரெட் உண்டு. ஒன்று நேரம் கடந்த வேலையைக் கொல்வது, மற்றது ஸொம்பிகளை, அதாவது செத்தும் யாரும் வெயிட் பண்ணாமல் கிடக்கும் பிள்ளைகளை, துப்புரவாக்குவது. இரண்டும் எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியவை.

பகலில் ஒவ்வொன்றாகப் போட்டால் எல்லாம் ஒழுங்கு. இரவில் எல்லா வகுப்பும் ஒன்றாக வந்து விழும்போது சில வீடியோக்கள் பாதியில் நிற்கின்றன, ஆனால் ரிட்டர்ன் கோட் 0, அதாவது 'பிழை இல்லை'. டேட்டாபேஸில் 'முடிந்தது' என்று பச்சையாகக் கிடக்கிறது. காலையில் மாணவர்கள் போன் எடுத்துத்தான் எனக்கே தெரியவருகிறது. சில இரவுகளில் இன்னொரு கூத்து: ஒரு த்ரெட் அப்படியே தொங்கிவிடும். பீஎஸ் (ஓடும் புரோசஸ்களின் பட்டியல்) போட்டுப் பார்த்தால் எஃப்எஃப்எம்பெக் இல்லவே இல்லை, ஸ்கிரிப்டும் இல்லை, த்ரெட் மட்டும் அவுட்புட்டுக்குக் காத்துக்கொண்டிருக்கும்.

இதோடு சம்பந்தமோ தெரியாது, போன மாதம் டேட்டாபேஸ் பேக்கப் ஸ்கிரிப்ட் சிக்னல் 9 (உடனே கொல்லும் சிக்னல்) வாங்கிச் செத்தது. மெமரி முடிந்து கேர்னல் (லினக்ஸின் கரு) கொன்றதாக எந்தப் பதிவும் இல்லை. பேக்கப்பும் வீடியோ புரோகிராமும் ஒரே யூசரில்தான் ஓடுகின்றன.

#2 திருக்கோவில்

த்ரெட் என்றால் லொக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு). பீஓபன், வெயிட், கில் மூன்றையும் ஒரே லொக்குக்குள் போடுங்கள், வேலை முடிந்தது. இதற்குப் போய் இவ்வளவு எழுத வேண்டுமா?

#3 புளியந்தீவு

தம்பி திருக்கோவில், வெயிட்டை லொக்குக்குள் போட்டால் பிறகு கில் எப்படி லொக்கை எடுக்கும்? எஃப்எஃப்எம்பெக் தொங்கி நிற்கிறது. அது சாகும்வரை வெயிட் த்ரெட் லொக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதைக் கொல்ல வேண்டிய த்ரெட் லொக்குக்காக நிற்கிறது. மூன்று பேரும் விடியும்வரை அப்படியே நிற்க வேண்டியதுதான்.

வாவிக்கரை, அந்தத் துப்புரவு த்ரெட்டின் உள்ளே என்ன இருக்கிறது? எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

#4 வாவிக்கரை

சின்னதுதான் அண்ணன். முடிவில்லாத லூப் ஒன்று. செக்கனுக்கு ஒருமுறை வெயிட்பிட்டை -1 கொடுத்து, நோஹேங் (காத்திருக்காதே) கொடியோடு கூப்பிடுகிறது. ஏதாவது பிஐடி (புரோசஸின் எண்) வந்தால் பதிவில் 'துப்புரவு' என்று எழுதிவிட்டு அடுத்ததைப் பார்க்கிறது. ஒன்றும் இல்லை என்றால் தூங்கிவிடும்.

#5 புளியந்தீவு

முதல் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

வெயிட்பிட்டுக்கு -1 கொடுத்தால், 'என் பிள்ளைகளில் யார் செத்திருந்தாலும் சரி, எடுத்துத் தா' என்று கேட்கிறோம். லினக்ஸில் ஒரு த்ரெட் உருவாக்கிய பிள்ளையை அதே புரோசஸின் எந்த த்ரெட்டும் வெயிட் பண்ணலாம். ஆனால் முடிவுநிலையை எடுப்பது ஒரே ஒரு தடவைதான். எடுத்த கணமே கேர்னல் ஸொம்பியை அழித்துவிடும். ஆகவே ஸ்கிரிப்ட் 1 என்று சொல்லிச் செத்ததும் உங்கள் வேலை த்ரெட்டுக்கும் துப்புரவு த்ரெட்டுக்கும் போட்டி. முந்தியவருக்கு அந்த 1 கிடைக்கும். பிந்தியவருக்கு ஈசைல்ட், அதாவது 'அப்படி ஒரு பிள்ளை உனக்குக் கிடையாது'.

பகலில் ஏன் வரவில்லை? உங்கள் த்ரெட் அவுட்புட்டை வாசித்து முடித்து, ஃபைலைச் சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் வெயிட் பண்ணுகிறது என்கிறீர்கள். அந்த இடைவெளியில் பிள்ளை ஸொம்பியாகக் கிடக்கிறது. பகலில் சிபியு சும்மா இருக்கிறபோது அந்த இடைவெளி மிகச் சின்னது. இரவில் எல்லாக் கோரும் நிரம்பி, பைதானின் ஜில் லொக்குக்கும் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டையே பைதான் கோடை ஓட்ட விடுவது) த்ரெட்கள் வரிசையில் நிற்கும்போது அது நீண்டுவிடும். துப்புரவு த்ரெட் செக்கனுக்கு ஒருமுறை வருகிறது, ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் நடுவில் விழத்தானே செய்யும்.

இனித்தான் உண்மையான அநியாயம். சப்புரோசஸ் மொடியூல் வெயிட் பண்ணப்போய் ஈசைல்ட் வாங்கினால், 'பிள்ளை செத்துவிட்டது, நிலையை இனி அறிய முடியாது' என்று எடுத்துக்கொண்டு ரிட்டர்ன் கோடை 0 என்று வைத்துவிடுகிறது. எக்செப்ஷன் இல்லை, எச்சரிக்கை இல்லை. தெரியாத முடிவுக்கு வெற்றியின் எண்ணைக் கொடுத்தது எனக்கு இன்றுவரை பிடிக்காத தீர்மானம். அதே பைதானில் அசிங்க்ஐஓ மொடியூல் இதே நிலைமையில் 255 என்று சொல்லி, 'தெரியாத பிள்ளை' என்று பதிவிலும் எழுதுகிறது. அது நேர்மை.

உறுதிப்படுத்த: உங்கள் பதிவில் 'துப்புரவு' என்று வந்த பிஐடிகளை, பாதியில் நின்ற வேலைகளின் பிஐடிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

#6 வாவிக்கரை

பார்த்தேன். பாதி வீடியோ ஒவ்வொன்றின் பிஐடியும் துப்புரவுப் பட்டியலில் இருக்கிறது! ஆனால் அண்ணன், அந்த த்ரெட்டை எடுத்துவிட்டால் ஸொம்பிகள் சேர்ந்துவிடாதா? அதற்காகத்தானே எழுதியிருக்கிறார்கள்.

#7 புளியந்தீவு

யார் பெற்றாரோ அவரே வெயிட் பண்ணினால் ஸொம்பி எங்கிருந்து வரும்? ஸொம்பி சேர்ந்தால் எங்கேயோ யாரோ வெயிட் பண்ண மறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேடித் திருத்த வேண்டும். இத்தனைக்கும் பைதான் தானே கொஞ்சம் பார்த்துக்கொள்கிறது: வெயிட் பண்ணாமல் கைவிட்ட பீஓபன் ஒப்ஜெக்ட்டை ஒரு பட்டியலில் வைத்திருந்து, அடுத்த பீஓபன் உருவாகும்போது அதை எடுத்துவிடும். அந்த த்ரெட்டைத் தூக்கி எறியுங்கள்.

#8 ஏறாவூர்ச் சந்தி

பொதுவாகச் சரி, ஆனால் ஒரு விதிவிலக்கு. டொக்கர் கொண்டெய்னருக்குள் உங்கள் புரோகிராமே பிஐடி 1 ஆக, அதாவது முதல் புரோசஸாக ஓடினால், அநாதையான பேரப்பிள்ளைகள் எல்லாம் அதன் தலையில்தான் வந்து விழும். அவற்றை யாராவது வெயிட் பண்ணியே ஆக வேண்டும். அவற்றின் பிஐடி உங்களுக்குத் தெரியாது, ஆகவே -1 தவிர வழியில்லை. பலரின் கோடில் இந்தத் துப்புரவு லூப் வந்து ஒட்டிக்கொள்வது அப்படித்தான். அதற்கு மருந்து லூப் இல்லை. கொண்டெய்னரை இனிட் தெரிவோடு தொடங்குங்கள். டினி என்ற சின்னப் புரோகிராம் பிஐடி 1 ஆக நின்று அநாதைகளைப் பார்த்துக்கொள்ளும், உங்கள் புரோகிராம் தன் பிள்ளைகளை மட்டும் பார்த்தால் போதும்.

#9 ஒலுவில் அலை

துப்புரவு த்ரெட் இல்லாத இடத்திலும் இதே திருட்டு நடக்கும். நீங்கள் லிங்க் பண்ணிய ஏதாவது லைப்ரரி சிக்-சைல்டுக்கு (பிள்ளை செத்ததும் தாய்க்கு வரும் சிக்னல்) ஒரு ஹேண்ட்லர் போட்டு, அதற்குள் -1 உடன் லூப் சுற்றினால் கதை ஒன்றுதான். ஹேண்ட்லரில் லூப் சுற்றுவது அவர்கள் பக்கம் நியாயம். சாதாரண சிக்னல்கள் வரிசையில் சேர்வதில்லை, மூன்று பிள்ளை அடுத்தடுத்துச் செத்தாலும் ஒரு சிக்-சைல்ட் மட்டும் வரலாம். ஆனால் சுற்றுகிறவர் தனக்குத் தெரிந்த பிஐடிகளை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும், ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் அள்ளக்கூடாது.

சிக்-சைல்டை இக்னோர் என்று வைத்தாலும் இதே வினைதான், கேர்னலே பிள்ளைகளை அழித்துவிடும். அந்த இக்னோர் எக்செக் (அதே புரோசஸில் வேறு புரோகிராமை ஏற்றுவது) தாண்டியும் தொடரும். உங்கள் புரோகிராமைத் தொடக்கிய தாய் அப்படி வைத்திருந்தால் உங்களுக்கும் அதே நிலைமை. கோடில் தேடினால் அகப்படாது.

சி++ இல் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. ஃபோர்க் (புரோசஸைப் பிரதி எடுத்துப் பிள்ளையை உருவாக்குவது) திரும்பி, பிஐடியை அட்டவணையில் எழுதுவதற்கு முன்னரே பிள்ளை செத்துவிடலாம். ஹேண்ட்லர் வந்து அட்டவணையைப் பார்த்து 'இது யாருடையது' என்று தூக்கிப்போட்டுவிடும், பிறகு நீங்கள் எழுதிய பதிவு ஒருநாளும் முடியாது. ஃபோர்க்குக்கு முன் சிக்-சைல்டைத் தடுத்து வைத்து, அட்டவணையில் எழுதிய பிறகு திறக்க வேண்டும். த்ரெட் உள்ள புரோகிராமில் இந்தத் தடுப்பு த்ரெட்டுக்குத் த்ரெட் வேறு. எல்லா த்ரெட்டிலும் தடுத்துவிட்டு, சிக்னலை வாங்க ஒரு த்ரெட்டை மட்டும் வைத்துக்கொண்டு, பதிவதையும் தேடுவதையும் ஒரே லொக்குக்குள் செய்வது நல்லது.

#10 வாவிக்கரை

துப்புரவு த்ரெட்டை எடுத்துவிட்டேன். நேற்று இரவே ரிட்டர்ன் கோட் 1 என்று ஒழுங்காக வந்தது. பாதியில் நிற்பதற்கு உண்மைக் காரணம் டெம்ப் பார்ட்டிஷனில் இடம் முடிவது. இவ்வளவு காலமும் அந்த 0 அதை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

தொங்குவது இன்னும் இருக்கிறது. பேக்கப் செத்ததற்கும் விடை இல்லை.

#11 புளியந்தீவு

பேக்கப்பைக் கொன்றது உங்கள் புரோகிராமாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். கொல்கிற த்ரெட் பிஐடியை எண்ணாக வைத்திருந்து ஓஎஸ் கில்லைக் கூப்பிடுகிறதா, பீஓபன் ஒப்ஜெக்ட்டின் கில்லைக் கூப்பிடுகிறதா?

#12 வாவிக்கரை

எண்ணாகத்தான். ஒரு டிக்ஷனரியில் பிஐடியும் தொடங்கிய நேரமும் இருக்கும். வேலை முடிந்தால் த்ரெட் வந்து அதை நீக்கும்.

#13 புளியந்தீவு

பிஐடி என்பது போன் நம்பர் மாதிரி. ஒருவர் கைவிட்ட நம்பரைக் கம்பனி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும், பழைய ஆளென்று நினைத்து நீங்கள் எடுத்தால் யாரோ பேசுவார்.

உபுண்டு 18.04 இல் பிட்-மேக்ஸ் (பிஐடியின் மேல் எல்லை) சாதாரணமாக 32768. எண்கள் அதுவரை போய் மறுபடி கீழிருந்து வரும். ஒரு வேலைக்கு ஷெல், எஃப்எஃப்எம்பெக், எஃப்எஃப்ப்ரோப், இன்னும் சின்னச் சின்னக் கட்டளைகள் என்று ஓட்டினால், நெருக்கமான ஓர் இரவில் அந்த வட்டம் சுற்றிவருவது பெரிய விஷயமில்லை. துப்புரவு த்ரெட் பிள்ளையை எடுத்துவிட்டது, வேலை த்ரெட் வேறெங்கோ தொங்கி நிற்பதால் டிக்ஷனரியில் அந்த எண் அப்படியே கிடக்கிறது. நேரம் கடந்ததும் கொல்கிற த்ரெட் அந்த எண்ணுக்கு 9 அனுப்புகிறது. இதற்கிடையில் அந்த எண் பேக்கப்புக்குப் போயிருந்தால் முடிந்தது கதை. ஒரே யூசர் என்பதால் கேர்னல் தடுக்கவும் மாட்டாது.

64 பிட் மெஷினில் புதிய சிஸ்டம்டி (243ஆம் பதிப்பிலிருந்து) இந்த எல்லையை 4194304 ஆக உயர்த்திவிடுகிறது. வாய்ப்பு மிகவும் குறையும், ஆனால் ஓட்டை ஓட்டைதான்.

காப்பாற்றுவது ஒரே ஒரு விதி: வெயிட் பண்ணும்வரை ஸொம்பி தன் எண்ணை விடாது. ஸொம்பிக்கு எத்தனை சிக்னல் அனுப்பினாலும் யாருக்கும் சேதமில்லை. ஆகவே 'எடுப்பது'ம் 'கொல்வது'ம் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்தால் போதும். திருக்கோவில் சொன்ன லொக் இங்கேதான் வருகிறது, ஆனால் காத்திருக்கும் நேரத்தில் அதைப் பிடிக்கக்கூடாது. அதற்கு வெயிட்ஐடி என்ற அழைப்பில் நோவெயிட் என்று ஒரு கொடி இருக்கிறது. பிள்ளை செத்ததும் அழைப்பு திரும்பும், ஆனால் ஸொம்பியை எடுக்காமல் அப்படியே விட்டுவிடும்.

வேலை த்ரெட், லொக் இல்லாமல் வெயிட்ஐடியில் நோவெயிட்டோடு காத்திருக்கும். திரும்பியதும் லொக்கை எடுத்து, பீஓபன் ஒப்ஜெக்ட்டில் வெயிட் பண்ணி உண்மையாக எடுத்து, 'முடிந்தது' என்று குறித்துவிட்டு லொக்கை விடும். ஏற்கெனவே செத்தாயிற்று என்பதால் உள்ளே ஒரு கணமும் நிற்காது. கொல்கிற த்ரெட் லொக்கை எடுத்து, 'முடிந்தது' என்று இல்லாவிட்டால் மட்டும் கில் அனுப்பி, லொக்கை விடும். இவ்வளவுதான்.

பைதான் 3.3 முதல் ஓஎஸ் மொடியூலில் வெயிட்ஐடி இருக்கிறது, உங்கள் 3.6 போதும். கோ மொழியின் ஓஎஸ் பக்கேஜும் லினக்ஸில் நெடுங்காலம் இதே வழியைத்தான் வைத்திருந்தது.

#14 திருக்கோவில்

சரி, முதலில் சொன்ன லொக் சரிவராது என்று விளங்குகிறது. ஆனால் இந்த நோவெயிட் வித்தை எல்லாம் தேவையா? லொக்கை எடுத்து நோஹேங்கோடு ஒருமுறை கேட்டுவிட்டு, லொக்கை விட்டுக் கொஞ்சம் தூங்கி, மறுபடி கேட்டால் போதாதா? எஃப்எஃப்எம்பெக் ஓடுவது நிமிடக் கணக்கில். அரை செக்கன் பிந்தினால் யாருக்கு நட்டம்?

#15 புளியந்தீவு

ஒரு நட்டமும் இல்லை, அது சரியான வழிதான். டைம்அவுட் கொடுத்து வெயிட் பண்ணினால் பைதானே உள்ளே அதைத்தான் செய்கிறது. ஒரு மில்லிசெக்கனில் தொடங்கித் தூக்கத்தை இரட்டித்து 50 மில்லிசெக்கனில் நிறுத்திக்கொள்ளும். எளிமை வேண்டுமென்றால் உங்கள் வழியில் போகலாம். ஆயிரக்கணக்கில் குட்டிப் பிள்ளைகள் ஓடும் இடத்தில்தான் நோவெயிட்டின் அருமை தெரியும்.

#16 வந்தாறுமூலை மாணவி

அண்ணா, எண்ணை விட்டுவிட்டு பீஓபன் ஒப்ஜெக்ட்டின் கில்லையே கூப்பிட்டால் லொக் இல்லாமலே சரிதானே? அது ரிட்டர்ன் கோட் வந்துவிட்டதா என்று பார்த்துத்தானே அனுப்புகிறது?

#17 புளியந்தீவு

பார்க்கிறது தங்கச்சி, ஆனால் பார்ப்பதற்கும் அனுப்புவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஒரு த்ரெட்டில் வெயிட்பிட் கேர்னலிலிருந்து திரும்பிவிட்டது, ரிட்டர்ன் கோட் இன்னும் எழுதப்படவில்லை. அந்தக் கணத்தில் இன்னொரு த்ரெட் 'இன்னும் உயிரோடு இருக்கிறது' என்று நம்பி அனுப்பிவிடும். 3.9 இல் அனுப்புவதற்கு முன் ஒருமுறை 'போல்' பண்ணும்படி (செத்துவிட்டதா என்று காத்திருக்காமல் கேட்கும்படி) மாற்றினார்கள். அதனால் இடைவெளி குறுகியது, மூடவில்லை. அந்தக் கோடின் பக்கத்திலேயே அதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். எண்ணை நேராகக் கொல்வதை விட ஆயிரம் மடங்கு மேல், அதில் சந்தேகமில்லை.

#18 ஒலுவில் அலை

தொங்குவதற்கு வருவோம். பைப்பை (பிள்ளையின் அவுட்புட் தாய்க்கு வரும் குழாய்) வாசிக்கிறவருக்கு முடிவு தெரிய வேண்டுமானால், அதன் எழுதும் முனையை வைத்திருக்கும் எல்லோரும் மூட வேண்டும். எஃப்எஃப்எம்பெக் செத்தும் முடிவு வரவில்லை என்றால் வேறு யாரோ அந்த முனையை வைத்திருக்கிறார்கள். ப்ரொக் அடைவில் உங்கள் புரோகிராமின் எஃப்டி அடைவை (திறந்த ஃபைல், பைப்புகளின் பட்டியல்) பார்த்தால் பைப்பின் எண் தெரியும். எல்சொஃப் (யார் எதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் கட்டளை) பட்டியலில் அதே எண் வேறு யாரிடம் இருக்கிறது என்று தேடுங்கள்.

சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில், லொறி எடை பார்க்கும் தராசின் சி++ புரோகிராம் ஒன்றைப் பார்க்கக் கிடைத்தது. ஒரு த்ரெட் சீரியல் போர்ட்டில் எடையை வாசிக்கும், இன்னொரு த்ரெட் துண்டு அச்சடிக்க ஒரு துணைப் புரோகிராமை ஃபோர்க் பண்ணி எக்செக் பண்ணும். கேபிள் கழன்றால் போர்ட்டை மூடி மறுபடி திறந்து எஃப்லொக் (ஃபைலுக்குப் போடும் லொக்) போட வேண்டும். சில நாட்களில் 'வேறு யாரோ லொக் வைத்திருக்கிறார்கள்' என்று மறுத்துவிடும். அந்தப் பெட்டியில் போர்ட்டைத் தொடுகிற வேறு புரோகிராமே கிடையாது! அறுவடை நேரம், வெளியே லொறிகள் வரிசையில், எல்லோருக்கும் தலை சூடு.

நடந்தது இதுதான். எடை த்ரெட் போர்ட்டைத் திறந்தது. அடுத்த வரியில்தான் க்ளோஸ்-ஒன்-எக்செக் (எக்செக்கின்போது தானாக மூடு) கொடியை எஃப்சிஎன்டிஎல் மூலம் வைக்கிறது. இரண்டு வரிக்கும் நடுவில் அச்சு த்ரெட் ஃபோர்க் பண்ணிவிட்டது. பிள்ளைக்குப் போன பிரதியில் கொடி இல்லை, எக்செக் தாண்டியும் போர்ட் திறந்தே கிடந்தது. பிரிண்டரில் பேப்பர் முடிந்ததால் அந்தத் துணைப் புரோகிராம் சாகாமல் காத்துக்கொண்டு நின்றது. எஃப்லொக் திறந்த ஃபைலோடு ஒட்டியது, நாமே விடுவிக்காவிட்டால் பிரதிகள் எல்லாம் மூடினால்தான் விடும். தாய் மூடினாலும் பிள்ளையின் கையில் லொக்.

திறக்கும்போதே கொடியைக் கொடுப்பதுதான் மருந்து. ஓப்பனுக்கு ஓ-க்ளோஎக்செக், லினக்ஸ் 2.6.23 முதல், அதாவது 2007. பைப்புக்கு பைப்2, டப்புக்கு டப்3, ஏக்செப்டுக்கு ஏக்செப்ட்4, எல்லாம் அடுத்த வருடம் வந்தன. இவ்வளவு காலம் ஆகியும் இரண்டு வரியில் எழுதுகிற ஆட்கள் இருக்கிறார்கள். விண்டோஸிலும் இதே நோய் உண்டு. க்ரியேட்-புரோசஸில் ஹேண்டில்களை வாரிசாக விடச் சொன்னால், வாரிசாகக்கூடிய எல்லா ஹேண்டிலும் போகும். எந்தெந்த ஹேண்டில் என்று பட்டியல் கொடுக்கும் வசதி விஸ்டாவிலிருந்து இருக்கிறது.

வாவிக்கரை தம்பிக்கு இது நேராகப் பொருந்தாது. பைதான் 3.4 முதல் புதிய டிஸ்கிரிப்டர்கள் (திறந்த ஃபைல், பைப்புகளின் எண்கள்) வாரிசாகப் போவதில்லை. அந்த ஷெல் ஸ்கிரிப்டுக்குள் ஏதாவது பின்னணியில் விடுகிறீர்களா?

#19 வாவிக்கரை

நானா, பிடித்துவிட்டீர்கள். எஃப்எஃப்எம்பெக் முடிந்ததும் ஸ்கிரிப்ட் ஆர்குளோனை (ஃபைலை இணையத்தில் ஏற்றும் கட்டளை) பின்னணியில் விட்டுவிட்டுத் தான் முடிந்துவிடுகிறது. எல்சொஃப்பில் பைப் ஆர்குளோன் கையில்தான் இருக்கிறது. லைன் விட்டுவிட்டு வரும் இரவுகளில் அது மறுபடி மறுபடி முயற்சித்துக்கொண்டு நிற்கும், என் த்ரெட்டும் கூடவே நிற்கும்.

#20 ஒலுவில் அலை

அப்படியென்றால் இது ரேஸ் (யார் முந்துவது என்ற போட்டி) இல்லை, வெறும் வாரிசுப் பிரச்சினை. ஆர்குளோனின் அவுட்புட்டையும் எரரையும் ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிடுங்கள். அதை விட, ஏற்றுவதை ஸ்கிரிப்டிலிருந்து எடுத்துத் தனி வேலையாக உங்கள் பூலிலேயே போடுங்கள். இல்லாவிட்டால் டைம்அவுட் வந்து ஷெல்லைக் கொன்றாலும் பேரப்பிள்ளை தப்பி ஓடிக்கொண்டிருக்கும்.

#21 ஏறாவூர்ச் சந்தி

பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக் கொல்ல வேண்டுமானால் தனிப் புரோசஸ் குழுவில் தொடக்கிக் குழுவுக்கே சிக்னல் அனுப்பலாம். தாய் செத்தால் பிள்ளையும் சாக வேண்டும் என்றால் ப்ரிக்டிஎல் என்ற அழைப்பில் டெத்சிக் இருக்கிறது, ப்ரீஎக்செக் ஃபங்ஷனில் (எக்செக்குக்குச் சற்று முன் பிள்ளைக்குள் ஓடுவது) அதையும் வைத்துவிடலாம்.

ஓ-க்ளோஎக்செக் பற்றி ஒரு எச்சரிக்கை. அது எக்செக் நடக்கும்போதுதான் மூடும், ஃபோர்க்கின்போது இல்லை. கோ மொழியில் எழுதிய ஒரு சேர்விஸில், ஒரு கோரூட்டின் (கோ மொழியின் இலகு த்ரெட்) பைனரியை டிஸ்க்கில் எழுதி மூடி உடனே ஓட்டும். எப்போதாவது 'டெக்ஸ்ட் ஃபைல் பிஸி' என்று மறுக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கோரூட்டின் ஃபோர்க் பண்ணிவிட்டது. அதன் பிள்ளை எக்செக்குக்குப் போகும் முன்னர் உள்ள மைக்ரோசெக்கன்களில் அந்த ஃபைலின் எழுதும் பிரதி அதனிடம் இருக்கிறது. எழுதத் திறந்திருக்கும் ஃபைலைக் கேர்னல் ஓட்ட விடாது. கொடி இங்கே கையாலாகாது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஓட்டிப் பார்ப்பது, அல்லது எழுதுவதையும் ஃபோர்க்கையும் ஒரே லொக்குக்குள் கொண்டுவருவது. நான் முதலாவதோடு நிறுத்திக்கொண்டேன், அழகில்லைதான்.

#22 புளியந்தீவு

டெத்சிக்கில் கவனம். அதில் 'தாய்' என்பது பிள்ளையை உருவாக்கிய த்ரெட், முழுப் புரோசஸ் இல்லை. வேலை முடிந்ததும் த்ரெட்டைச் சாகவிடும் பூல் என்றால், புரோகிராம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் காரணமில்லாமல் செத்து விழும்.

ப்ரீஎக்செக் ஃபங்ஷனை த்ரெட் உள்ள புரோகிராமில் பாவிக்கவே வேண்டாம். பைதான் ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. தனிக் குழுவுக்கு 'ஸ்டார்ட் நியூ செஷன்' என்ற ஆர்கியுமென்டை உண்மை என்று வைத்தால் போதும், அது சி பக்கத்திலேயே நடந்துவிடும்.

#23 வந்தாறுமூலை மாணவி

அது ஏன் ஆபத்து என்று கொஞ்சம் சொல்லுங்கள் அண்ணா. எங்கள் குழு ப்ரொஜெக்டில் மல்டிபுரோசஸிங் போட்டோம், பிள்ளை ஒன்று எதையுமே செய்யாமல் உறைந்து நிற்கிறது. சிபியு பூச்சியம்.

#24 புளியந்தீவு

அநேகமாக இதேதான். ஃபோர்க் பண்ணினால் மெமரி முழுவதும் பிரதியாகும், ஆனால் ஃபோர்க்கைக் கூப்பிட்ட த்ரெட் மட்டும்தான் பிள்ளைக்குள் உயிரோடு இருக்கும். அந்தக் கணத்தில் வேறொரு த்ரெட் ஏதாவது லொக்கைப் பிடித்திருந்தால், பிள்ளையின் பிரதியிலும் அது பூட்டியபடியே இருக்கும். திறக்க வேண்டிய த்ரெட் அங்கே இல்லை. பிள்ளை அதை எடுக்கப் போனால் அங்கேயே உறையும். பதிவு எழுதும் லொக், மெமரி ஒதுக்கும் லொக், எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஜிலிப்சி (லினக்ஸின் சி லைப்ரரி) ஃபோர்க்கின்போது தன் மெலொக் (மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்) போன்ற சிலவற்றின் லொக்குகளை ஒழுங்கு பண்ணித் தருகிறது, மற்றவற்றை இல்லை. போசிக்ஸ் விதிப்படி பார்த்தால், த்ரெட் உள்ள புரோசஸில் ஃபோர்க் பண்ணிய பிள்ளை எக்செக் வரைக்கும் சிக்னல் ஹேண்ட்லருக்குள் கூப்பிடக்கூடிய ஃபங்ஷன்களை மட்டுமே கூப்பிடலாம். ப்ரின்ட்எஃப் கூட அதில் இல்லை.

தொடக்கும் முறையை 'ஸ்பான்' (பிரதி எடுக்காமல் புது பைதானை ஏற்றுவது) என்று மாற்றிப் பாருங்கள். பைதான் 3.12 முதல் த்ரெட்டோடு ஃபோர்க் பண்ணினால் எச்சரிக்கை வரும். 3.14 இல் லினக்ஸின் இயல்பு முறையே ஃபோர்க்சேர்வர் ஆகிவிட்டது. சி பக்கம் என்றால் போசிக்ஸ் ஸ்பான்.

#25 வந்தாறுமூலை மாணவி

ஸ்பானுக்கு மாற்றினேன், ஓடுகிறது. தொடங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது, பரவாயில்லை. நன்றி அண்ணா.

#26 வாவிக்கரை

நோவெயிட் வழியை எழுதிப் போட்டுவிட்டேன், டிக்ஷனரியில் இப்போது எண் இல்லை, ஒப்ஜெக்ட்டும் லொக்கும்தான். ஆர்குளோன் தனி வேலை. டெம்ப்பைப் பெரிய டிஸ்க்குக்கு மாற்றினேன்.

அடுத்த மாதம் உபுண்டு 22.04க்குப் போகலாம் என்று நிலையத்தில் சம்மதித்திருக்கிறார்கள். அதில் பிஐடி-எஃப்டி இருக்கிறதாமே, அதற்கு மாறினால் இந்த லொக் எல்லாம் வேண்டாமா?

#27 புளியந்தீவு

22.04 இல் கேர்னல் 5.15, பைதான் 3.10. இரண்டும் போதும். பிஐடி-எஃப்டி என்பது ஒரு குறிப்பிட்ட புரோசஸைப் பிடித்திருக்கும் டிஸ்கிரிப்டர், எண் வேறு ஆளுக்குப் போனாலும் இது போகாது. அதன் வழியாக அனுப்பும் சிக்னல் பழைய ஆளுக்குத்தான், அவர் இல்லாவிட்டால் பிழை வரும், வேறு யாருக்கும் படாது. சிக்னல் அனுப்பும் அழைப்பு 5.1 இல் வந்தது, பிஐடியிலிருந்து திறப்பது 5.3 இல், அதில் வெயிட் பண்ணுவது 5.4 இல். பிள்ளை செத்தால் 'போல்' என்ற கேர்னல் அழைப்பில் வாசிக்கத் தயார் என்று காட்டும், ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு த்ரெட் காத்திருக்கத் தேவையில்லை. கோ மொழியும் 1.23 முதல் இதையே பாவிக்கிறது.

கொல்வதற்கான லொக் தேவைப்படாது, ஆனால் டிஸ்கிரிப்டரை மூடுவதையும் அனுப்புவதையும் மோதவிட்டால் அதே கதை டிஸ்கிரிப்டர் எண்ணில் நடக்கும். திறப்பதும் பிள்ளையை இன்னும் யாரும் எடுக்காத நேரத்தில் நடக்க வேண்டும். பீஓபன் திரும்பியவுடன் திறங்கள்.

#28 வந்தாறுமூலை மாணவி

அப்போது பிஐடி-எஃப்டி கையில் இருந்தால், யாராவது -1 உடன் வெயிட் பண்ணினாலும் முடிவுநிலை எங்களுக்குத்தானே?

#29 புளியந்தீவு

இல்லை. அது யாருக்குச் சிக்னல் போகிறது என்பதை மட்டும்தான் காக்கும். வேறொரு த்ரெட் -1 உடன் முந்திக்கொண்டால், பிஐடி-எஃப்டி வழியாக வெயிட் பண்ணினாலும் ஈசைல்ட்தான். வாவிக்கரை, புதிய பெட்டிக்கு மாற்றும்போது பழைய கோட் களஞ்சியத்திலிருந்து அந்தத் துப்புரவு த்ரெட் திரும்ப ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்க்கும் லைப்ரரிகளுக்கும் ஒருமுறை எஸ்ட்ரேஸை (புரோகிராம் கேர்னலைக் கூப்பிடுவதைக் காட்டும் கட்டளை) த்ரெட்களைப் பின்தொடரும் தெரிவோடு ஓட்டி, வெயிட்4 அழைப்பில் -1 எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள்.